தின்னலாம் என்றால் இழுக்கலாமா?

இ-சிகரெட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கும். ‘இதில் புகையிலையே கிடையாது, வருவது புகையும் இல்லை, வெறும் ஆவி. அந்த ஆவியைத் தரும் திரவம் கேக்கில் இருக்கிறது, இருமல் மருந்தில் இருக்கிறது, பற்பசையில் இருக்கிறது. தினமும் வயிற்றுக்குள் போகும் பொருள்தானே, நெஞ்சுக்குள் போனால் என்ன?’ கல்லூரி வாசல்களில் இளைஞர்கள் இப்படிப் பேசுகிறார்கள். விற்பவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

இந்த வாதத்தின் முற்பாதி பெரும்பாலும் உண்மை. அந்தத் திரவத்தின் பெயர் புரோப்பிலீன் கிளைக்கால். அது இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம். பிற்பாதிதான் கோளாறு. உணவில் பாதுகாப்பானது என்று ஒரு பொருளுக்குக் கிடைத்த சான்று, அது உணவாக உள்ளே போகும்போது மட்டுமே செல்லும். வேறு வழியில் போனால் வேறு சான்று வேண்டும். புரோப்பிலீன் கிளைக்காலின் கதையைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு எதையும் நான் அறியவில்லை.

பிரெஞ்சு வேதியியலாளர் அடோல்ஃப் வூர்ட்ஸ் 1859-இல் இதை முதலில் தயாரித்தார். இன்று பெட்ரோலியத் தொழிலின் துணைப்பொருளான புரோப்பிலீன் வாயுவிலிருந்து புரோப்பிலீன் ஆக்சைடை எடுத்து, அதைத் தண்ணீரோடு வினைபுரியச் செய்து உற்பத்தி செய்கிறார்கள். சென்னைக்கு வடக்கே மணலியிலும் இது பல ஆண்டுகளாக உற்பத்தியாகிறது. பார்க்க நிறமற்றது, மணம் அநேகமாக இல்லை, நாக்கில் மெலிதாக இனிக்கும், தண்ணீரைவிடச் சற்றுக் கெட்டியாக ஓடும். பூஜ்யத்துக்குக் கீழே 59 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தாலும் உறையாது. கொதிப்பது 188 டிகிரியில்.

இத்தனை தொழில்கள் இதை நாடுவதற்கு முக்கியக் காரணம் இதன் இணக்கம். தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். தண்ணீரில் கரைய மறுக்கும் பல வாசனைப் பொருள்களையும் மருந்துகளையும் தனக்குள் கரைத்துக்கொள்ளும். கூடவே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பூஞ்சை வளராமல் தடுக்கும். இவ்வளவு வேலையையும் மலிவாகச் செய்து தரும் திரவங்கள் குறைவு.

சமையலறையிலிருந்து தொடங்குவோம். வெண்ணிலா எசென்ஸ், ரோஸ் எசென்ஸ் புட்டிகளில் பலவற்றிலும் வாசனைப் பொருளைச் சுமந்து நிற்பது இதுதான். திரவ வடிவ உணவு நிறங்கள், கேக்கின் மேல் பூசும் ஐசிங், சில ஐஸ்கிரீம்கள், குளிர்பானங்களுக்கான சுவையூட்டிகள் ஆகியவற்றிலும் இருக்கும். உறையில் ‘ஐ.என்.எஸ். 1520’ அல்லது ‘இ 1520’ என்று அச்சிட்டிருந்தால் அது இதுவே. குளியலறைக்குப் போனால் பற்பசை, ஷேவிங் க்ரீம், ஷாம்பு, டியோடரன்ட், ஈரத்துடைப்பான்கள். மருந்து அலமாரியில் சிரப்புகள், தோல் களிம்புகள், கண் வறட்சிக்கான சில சொட்டு மருந்துகள், முடி வளரத் தலையில் தேய்க்கும் மினாக்ஸிடில் கரைசல். குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. அது தெளிந்த சிரப்பாக நமக்குக் கிடைப்பதற்கு இத்தகைய கரைப்பான்களின் தயவு வேண்டும்.

வீட்டுக்கு வெளியேயும் இதற்கு வேலை உண்டு. நாடக மேடைகளிலும் நடன நிகழ்ச்சிகளிலும் புகை எழுப்பும் இயந்திரங்கள் பலவற்றுக்கு ஊற்றுவது கிளைக்காலும் தண்ணீரும் கலந்த திரவம். கன்று ஈன்ற பசுவுக்கு உடலில் சர்க்கரை குறைந்து கீட்டோசிஸ் வந்தால், கால்நடை மருத்துவர்கள் வாய்வழியே ஊற்றச் சொல்லும் மருந்துகளில் இதுவும் ஒன்று. பசுவின் ஈரல் இதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். பால் பண்ணைகளின் குளிரூட்டும் குழாய்களில் உறையாத திரவமாக ஓடுவதும் உண்டு. குழாய் கசிந்து பாலில் கலந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாலியெஸ்டர் பிசின் தயாரிப்புக்குப் பெருமளவில் போகிறது. நம் கடற்கரைகளில் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் கிடக்கும் ஃபைபர் படகுகள் அந்த வகைப் பிசினால் ஆனவை. வழக்கமான சிகரெட்டிலும் புகையிலை காய்ந்து உதிராமலிருக்க இதைச் சேர்க்கிறார்கள். ஆகவே புகைப்பவர்களின் நெஞ்சுக்கு இது புதிய விருந்தாளி அல்ல.

விழுங்கிய புரோப்பிலீன் கிளைக்காலை உடல் என்ன செய்கிறது என்று பார்த்தால் அதன் நற்பெயருக்கான காரணம் விளங்கும். ஏறக்குறைய பாதியைச் சிறுநீரகம் அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. மீதி ஈரலுக்குப் போகிறது. அங்கே சாராயத்தைச் சிதைக்கும் அதே நொதி இதையும் பிடித்து உடைக்கிறது. கடைசியில் கிடைப்பது லாக்டிக் அமிலம். ஓடும்போதும் பாரம் தூக்கும்போதும் நம் தசைகளே உண்டாக்கும் அமிலம் அது. அதை எரித்துச் சக்தியாக்கிக்கொள்ள உடலுக்கு நன்றாகத் தெரியும். வளர்ந்தவர்களின் ரத்தத்தில் சில மணி நேரத்துக்குள் இதன் அளவு பாதியாகிவிடும்.

இதன் நெருங்கிய உறவான எத்திலீன் கிளைக்காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் திரவம் அது. மூலக்கூறில் ஒரே ஒரு கார்பனும் அதோடு ஒட்டிய இரண்டு ஹைட்ரஜனும்தான் குறைவு. அதையும் ஈரலின் அதே நொதிதான் உடைக்கிறது. ஆனால் அங்கே முடிவில் கிடைப்பது ஆக்ஸாலிக் அமிலம். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து ஊசிப் படிகங்களாகிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகிறது. சிறுநீரகம் செயலிழக்கிறது. நஞ்சா இல்லையா என்பதை ஒரு கார்பன் தீர்மானித்துவிடுகிறது. தோற்றத்தில் ஒன்று போலிருக்கும் இரண்டு திரவங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

உணவில் எவ்வளவு வரை சேரலாம்? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் என்று வரையறுத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் மறுபடியும் ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. விலங்குகளுக்கு நீண்ட காலம் உணவில் கலந்து கொடுத்து, தீங்கு தெரியாத அளவைக் கண்டு, அதை நூறால் வகுத்து எடுத்த எண் இது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒன்றரை கிராம் ஆகிறது. 15 கிலோ குழந்தைக்கு 375 மில்லிகிராம். ஒரு கேக்கில் ஒரு தேக்கரண்டி எசென்ஸ் விட்டு, அதைப் பத்துப் பேர் பகிர்ந்து தின்றால் ஒருவருக்குச் சேருவது அரை கிராமுக்குள் அடங்கிவிடும். ஆகவே உணவைப் பொறுத்தவரை வளர்ந்தவர்கள் பயப்பட எதுவும் இல்லை.

நாட்டுக்கு நாடு வரம்பு மாறுவதும் உண்டு. அமெரிக்காவில் மதுபானங்களில் நூற்றுக்கு 5 பங்கு வரை அனுமதி. ஐரோப்பாவின் வரம்பு மிகக் குறைவு. 2014-இல் ஃபின்லாந்து, சுவீடன், நார்வே ஆகிய நாடுகளில் இலவங்கப்பட்டை மணமுள்ள ஒரு விஸ்கியைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ‘விஸ்கியில் ரேடியேட்டர் திரவம்’ என்று அப்போது செய்தி பரவியது. உண்மையில் அது அமெரிக்க வரம்புக்குள் இருந்த, ஐரோப்பிய வரம்பைத் தாண்டிய சரக்கு. அவ்வளவே.

உணவாக இருந்தாலும்கூடத் தின்பது யார் என்ற கேள்வி உண்டு. பூனையைப் பாருங்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. பூனையின் ஹீமோகுளோபின் எளிதில் சிதையும் அமைப்புக் கொண்டது. புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ந்த உணவைத் தின்றால் அந்த அணுக்களில் ஹீமோகுளோபின் திரண்டு கட்டிகளாகிறது, அணுக்களின் ஆயுள் குறைகிறது. ஒருகாலத்தில் பூனைகளுக்கான மென்மையான பதப்படுத்திய உணவில் ஈரம் காக்க இதைத் தாராளமாகச் சேர்த்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996-இல் பூனை உணவில் இதற்குத் தடை விதித்தது. வீட்டில் நாயும் பூனையும் வளர்ப்பவர்கள் ஒன்றின் தின்பண்டத்தை இன்னொன்றுக்குப் போடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

மனிதர்களிலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. பிறந்து சில நாளே ஆன சிசுக்களின் ஈரலில் இதை உடைக்கும் நொதி போதிய அளவு இருக்காது, சிறுநீரகமும் முதிர்ந்திருக்காது. 1980களில் குறைமாதக் குழந்தைகளுக்கு நரம்பு வழியே வைட்டமின் கலவை ஏற்றியபோது, அதில் கரைப்பானாக இருந்த இந்தத் திரவம் நாளுக்கு 3 கிராம் வரை அவர்கள் உடலில் சேர்ந்தது. கைக்குள் அடங்கும் குழந்தைக்கு 3 கிராம்! ரத்தத்தின் அடர்த்தி ஏறியது, வலிப்பு வருவது கூடியது. காரணம் வைட்டமினில் இல்லை, அதைக் கரைத்த திரவத்தில் இருந்தது என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். எச்.ஐ.வி.க்கான ஒரு வாய்வழிக் கரைசலைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி 2011-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்ததற்கும் அதிலிருந்த சாராயமும் புரோப்பிலீன் கிளைக்காலும் காரணம். இன்று ஐரோப்பிய மருந்து முகமை, பிறந்து 28 நாளுக்குட்பட்ட சிசுவுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 50 மில்லிகிராம், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 500 மில்லிகிராம் என்று வெவ்வேறு வரம்புகள் வைத்திருக்கிறது. ஒரே பொருள். வயதைப் பொறுத்து வரம்பு ஐந்நூறு மடங்கு மாறுகிறது.

பெரியவர்களுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனம் தேவைப்படுகிறது. வலிப்பை அடக்கும் லோராசெபாம் ஊசி மருந்தின் பெரும்பகுதி இந்தத் திரவம்தான். நாள்கணக்கில் அதிக அளவில் ஏற்றினால் லாக்டிக் அமிலம் தேங்கி ரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. இதை அறிந்த மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனையில் கண் வைத்திருப்பார்கள்.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் தடிப்பும் அரிப்பும் வரும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2018-இல் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. நச்சு என்பதற்காக அல்ல, எங்கும் இருக்கும் ஒரு பொருளை மருத்துவர்கள் சந்தேகிக்க மறந்துவிடக் கூடாது என்பதற்காக. மினாக்ஸிடில் தேய்த்துத் தலை அரித்துப்போய் மருந்தையே நிறுத்தியவர்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒத்துக்கொள்ளாதது மருந்து இல்லை, இந்தக் கரைப்பான். இது சேராத நுரை வடிவம் கிடைக்கிறது, மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இனி நுரையீரலுக்கு வருவோம். வயிற்றுக்குள் போகும் எதுவும் முதலில் ஈரல் என்ற சோதனைச்சாவடியைத் தாண்டியாக வேண்டும். நுரையீரலுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. காற்றறைகளின் சுவர் ரத்தத்தையும் காற்றையும் பிரிக்கும் மிக மெல்லிய படலம். அதன் உள்பரப்பில் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு நீர்ப்பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு கெட்டால் காற்றறைகள் சுருங்கிப்போகும். வயிற்றில் அமிலமும் தடித்த சளிப்படலமும் செய்யும் காவலை இங்கே எதிர்பார்க்க முடியாது.

இ-சிகரெட்டை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வை எடுத்துக்காட்டுவது வழக்கம். அது நல்ல ஆய்வு, சொல்லத்தான் வேண்டும். 1940களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற மருத்துவர், புரோப்பிலீன் கிளைக்கால் ஆவியை அறைக் காற்றில் கலந்தால் கிருமிகள் சாகின்றன என்று கண்டார். ஆவி நிரம்பிய பெட்டியில் இருந்த எலிகளை இன்ஃப்ளூயன்சா கிருமி தொற்றவில்லை. மருத்துவமனை அறைகளின் காற்றைத் தூய்மையாக்கும் வழி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது. தினமும் சுவாசித்தால் கேடு உண்டா என்றறிய, குரங்குகளையும் எலிகளையும் ஓராண்டுக்கும் மேல் அந்த ஆவியில் வைத்திருந்தார்கள். 1947-இல் வெளியான முடிவின்படி நுரையீரலிலோ பிற உறுப்புகளிலோ கேடு தென்படவில்லை.

அந்தக் குரங்குகள் சுவாசித்தது அறைக் காற்றில் கரைந்திருந்த, சூடேறி உருமாறாத ஆவி. இ-சிகரெட்டின் உலோகச் சுருளில் காய்ந்து, வாசனைப் பொருளும் நிகோட்டினும் சுமந்து, வாய் நிறைய இழுக்கப்படும் அடர்ந்த மூடுபனி இல்லை அது. மனிதர்களிடம் கிடைத்த அனுபவமும் அவ்வளவு சுத்தமாக இல்லை. சுவீடனில் விமானப் பணியாளர்களின் அவசரகாலப் பயிற்சிக்குப் புரோப்பிலீன் கிளைக்கால் பனிப்புகையைப் பயன்படுத்துவார்கள். 27 தன்னார்வலர்களை ஒரே ஒரு நிமிடம் அதில் நிறுத்திப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளியானது. கண்ணும் தொண்டையும் எரிந்தன. நான்கு பேருக்கு வறட்டு இருமல் வந்து, மூச்சை வேகமாக வெளியேற்றும் திறனும் சற்றுக் குறைந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நாடக, திரைப்படத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். புகை இயந்திரத்துக்கு அருகில் வேலை செய்தவர்களின் நுரையீரல் செயல்திறன் குறைவாக இருந்தது. நீண்ட நாள் அந்தப் புகையில் இருந்தவர்களிடம் நெஞ்சு இறுக்கமும் மூச்சிரைப்பும் அதிகம் காணப்பட்டன. அவர்கள் யாரும் அதை வாயில் வைத்து இழுத்தவர்கள் இல்லை, பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள்.

இ-சிகரெட் திரவத்தில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னது சுவையைத் தூக்கிக் கொடுத்துத் தொண்டையில் ஒரு பிடிப்பை உண்டாக்கும், பின்னது அடர்ந்த வெண்புகையைத் தரும். இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த திரவத்தை ஒருவர் நாளுக்கு 2 மில்லிலிட்டர் இழுத்தால் அவர் உடலுக்குள் போகும் புரோப்பிலீன் கிளைக்கால் சுமார் ஒரு கிராம். முன்னால் சொன்ன ஒன்றரை கிராம் வரம்புக்குள் இருப்பதைப் பார்த்து நிம்மதியடையத் தோன்றும். ஆனால் அந்த வரம்பு எலிக்கு இரை போட்டுக் கண்டது. நுரையீரலைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த ஒரு இடத்தில்தான் மொத்த வாதமும் சறுக்குகிறது.

சூடு இன்னொரு சிக்கல். உலோகச் சுருள் சில நூறு டிகிரிக்குக் காயும்போது இந்த மூலக்கூறின் ஒரு பகுதி உடைந்து ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் உண்டாகின்றன. கிளிசரின் உடைந்தால் அக்ரோலீன் வரும். வாணலியில் எண்ணெய் தீயும்போது கண்ணைக் கரிக்கும் வாயு அது. மின்னழுத்தம் மிதமாகவும், சுருளுக்குத் திரவத்தை ஊட்டும் திரி ஈரமாகவும் இருந்தால் இவற்றின் அளவு குறைவு. திரி காய்ந்துபோய் அழுத்தமும் கூடினால் பல மடங்கு ஏறுகிறது. 2015-இல் இதைக் காட்டிய ஓர் ஆய்வை, யாரும் அவ்வளவு அழுத்தத்தில் இழுக்க மாட்டார்கள், கசக்கும் என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. மலிவான சாதனத்தில் திரி எப்போது காய்கிறது என்று இழுப்பவர் எப்போதும் உணர்வதில்லை என்பதும் நியாயம்தான்.

தின்ன நல்லது, இழுக்கக் கேடு என்பதற்கு இந்தத் துறையிலேயே இரண்டு கொடிய சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைத்துப்போயிருப்பது 2000-இல் தெரியவந்தது. காரணம் டைஅசிட்டைல். வெண்ணெய்க்கு மணம் தருவது அது. பாப்கார்னில் கலந்து தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் ஆவியை ஆலையில் சுவாசித்தவர்கள் நுரையீரலை இழந்தார்கள். பின்னாளில் அதே டைஅசிட்டைல் இனிப்புச் சுவை கொண்ட பல இ-சிகரெட் திரவங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்தது வைட்டமின் இ அசிட்டேட். மாத்திரையிலும் முகப்பூச்சிலும் இருக்கும் சாதுவான எண்ணெய் அது. 2019-இல் அமெரிக்காவில் கள்ளச்சந்தையில் விற்ற, ‘வேப்’ எனப்படும் கஞ்சா இ-சிகரெட்டுகளில் அளவைக் கூட்ட அதைக் கலந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், அவர்களில் இறந்தவர்கள் 68 பேர். ஆராயப்பட்ட 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் நீரில் அந்த எண்ணெய் இருந்தது.

நடுநிலையாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எரியும் புகையிலையில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களோடு ஒப்பிட்டால் இ-சிகரெட் ஆவியில் நச்சுகள் குறைவு. பல்லாண்டு புகைத்தவர் விடுவதற்கு வழியாக அதைக் கொள்ளலாம் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்கிறது. புகைக்காத ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு அந்த ஒப்பீட்டால் ஒரு பயனும் இல்லை. அவன் விட்டுவர எதுவும் இல்லை, பழகிக்கொள்ள நிகோட்டின் மட்டுமே இருக்கிறது. தமிழ்நாடு 2018-இல் இ-சிகரெட்டைத் தடை செய்தது. மறு ஆண்டு இந்தியா முழுவதற்கும் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம், சேமிப்பு எல்லாவற்றையும் தடுக்கும் சட்டம் வந்தது. ஆக, இன்று இங்கே ஒருவர் கையில் இருக்கும் வேப் கள்ளத்தனமாக வந்ததாகவே இருக்கும். அதற்குள் இருப்பது என்ன என்று சோதித்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், புரோப்பிலீன் கிளைக்காலின் பெயரால் நடந்த பெரும் சாவுகள் எல்லாம் அதனால் நிகழ்ந்தவை அல்ல, அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த இன்னொன்றால் நிகழ்ந்தவை. அதன் பெயர் டை எத்திலீன் கிளைக்கால். பிரேக் திரவத்துக்கும் பிசினுக்கும் பெயின்டுக்குமான தொழிற்சாலைப் பொருள். அதுவும் நிறமற்றது, அதுவும் இனிக்கும், அதுவும் தண்ணீரில் கலக்கும். விலை மட்டும் குறைவு. உடலில் அது டைகிளைக்காலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களைக் கொல்கிறது, பிறகு நரம்புகளைத் தாக்குகிறது. 2009-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 18 இ-சிகரெட் குப்பிகளைச் சோதித்தபோது ஒன்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் அது இருந்தது.

1937-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபனிலமைடு மருந்தைக் கரைக்க அறிந்தே அதைப் பயன்படுத்தியது. நச்சுச் சோதனை நடத்தும் கட்டாயம் அப்போது சட்டத்தில் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். மருந்தை விற்கும் முன் பாதுகாப்பை நிரூபிக்கச் சொல்லும் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. அதன் பின்னும் இது ஓயவில்லை. 1970களின் முற்பகுதியில் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 1990-92 காலத்தில் வங்கதேசத்தில் பாராசிட்டமால் சிரப் குடித்த 200க்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022-இல் காம்பியாவில் சுமார் 70 பேர், இந்தோனேசியாவில் 200 பேருக்கும் மேல். இந்தோனேசியாவில் வேறு திரவம் அடைத்த பீப்பாய்களில் பெயர்பெற்ற நிறுவனத்தின் புரோப்பிலீன் கிளைக்கால் என்று போலி லேபிள் ஒட்டி விற்றிருந்தார்கள்.

2025 அக்டோபரில் அது மறுபடி நம் வாசலுக்கே வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற சளி இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. இந்திய மருந்து நூல் அனுமதிக்கும் அளவு 0.1 சதவீதம். மருந்துத் தரமற்ற புரோப்பிலீன் கிளைக்காலை வாங்கி, சோதிக்காமல் பயன்படுத்தியது ஆலை ஆய்வில் தெரிந்தது.

பீப்பாயைத் திறந்து மோந்து பார்த்தோ நாக்கில் வைத்தோ இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. வாயு நிறப்பகுப்பு என்ற சோதனை பிரித்துக் காட்டிவிடும். மெல்லிய படல நிறப்பகுப்பு என்ற எளிய, மலிவான முறையும் இருக்கிறது. சிறிய ஆலைகூடச் செய்துகொள்ளலாம். வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாயிலும் அதைச் செய்ய வேண்டும், ஒரு பீப்பாயையும் விடக்கூடாது. இந்திய உணவு விதிகள் வாசனைப் பொருள்களில் டை எத்திலீன் கிளைக்காலைக் கரைப்பானாகச் சேர்ப்பதை வெளிப்படையாகத் தடுத்திருக்கின்றன. மருந்து நூலில் வரம்பு இருக்கிறது. சட்டத்தில் இடைவெளி இருந்ததால் அந்தக் குழந்தைகள் போகவில்லை, செய்ய வேண்டிய ஒரு சோதனையை ஓர் ஆலை செய்யாமல் விட்டதாலும், அதைப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் விட்டதாலும் போனார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் மனம் ஆறவில்லை.

பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரிலேயே அறிவுறுத்தியது. பெரும்பாலான சளி தானாக ஆறும். சிரப் குடித்த ஓரிரு நாளில் குழந்தை வாந்தியெடுத்து, சோர்ந்து, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ நின்றாலோ காத்திருக்காமல் சிறுநீரகச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்துக்கும் டயாலிசிஸுக்கும் பலன் உண்டு. போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், காலியாக இருந்தாலும் சரி. லேபிளில் இருக்கும் பேட்ச் எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும் சில துளிகளும் அதே மருந்தை அன்று குடித்துக்கொண்டிருக்கும் வேறு குழந்தைகளையும் காப்பாற்ற உதவும்.